ஆய்வுகூடத் துறவி ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய்

உலகிலே தோன்றி மறைந்தோர் எண்ணிறந்தோர். அவருள்ளும் பிறர் நெஞ்சில் நிலைத்து வாழ்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் அரசாண்டவர் உளர். அருள்நெறி காட்டியவர் உளர். கவி புனைந்தவர் உளர். ஆனால் கண்ணாடிக் குழாய்களுக்கும் அமிலப் போத்தல்களுக்கும் நடுவே தம் வாழ்நாளைக் கழித்து, அவ்வழியாலேயே நாட்டுக்குத் தொண்டாற்றி, துறவியெனப் போற்றப்பட்டவர் மிக அரியர். அத்தகைய பெரியார் ஒருவர் நம் அயல்நாடாகிய இந்தியாவிலே வாழ்ந்தார். அவரே ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் அவர்கள்.

இக்கட்டுரையை எழுதப் புகுந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் நன்று. நாம் உடப்புசல்லாவைத் தோட்டமொன்றிற் பிறந்து, மிஷன் பாடசாலையொன்றிற் கற்று, இன்று பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்று வருகின்றோம். உயர்தர வகுப்பு முடியும் வரையில் இரசாயனம் எமக்குக் கரும்பலகையிலும் குறிப்புப் புத்தகத்திலுமே இருந்தது. நியமிப்பு என்றால் என்னவென்று பத்துப் புள்ளிக்கு எழுத எமக்குத் தெரியும்; அளவியின் அடைப்பை இடக்கையால் மெல்லத் திருகத் தெரியாது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே முதன்முறை அளவியைத் தொட்ட நாளில், குடுவையிலிருந்த கரைசல் வெளிறிய இளஞ்சிவப்பை அடையும் வேளையில் நிறுத்த வேண்டியதை, நாம் நிறுத்தத் தவறினோம். கரைசல் கத்தரிப்பூ நிறமாயிற்று. இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறையும் அவ்வாறே. கை நடுங்கியதே காரணம்.

அன்று மாலை விடுதிக்குத் திரும்பும்போது எமக்கு ஒரு நினைவு எழுந்தது. எம் அன்னையார் பனியிலும் மழையிலும் மலைச்சரிவில் நின்று, இரண்டு இலையும் ஓர் அரும்புமாகப் பிசகின்றிக் கிள்ளும் கையினர். அக்கைக்குத் தெரிந்த நுட்பம் படித்த எம் கைக்கு ஏன் வாய்க்கவில்லை? கற்றவர் கை வேலைக்கு ஆகாது, வேலை செய்யும் கை கல்விக்கு ஆகாது என்ற எண்ணம் நம்மவரிடையே எவ்வாறு புகுந்தது? இவ்வினாவுக்கு விடை தேடிய வேளையிலேயே ஆசாரியரின் வரலாறு எமக்குக் கிட்டியது. அதனை எம் சங்கத்து இளைஞரோடு பகிர்ந்துகொள்ளுதல் கடன் எனக் கருதினோம்.

பிறப்பும் இளமையும்

பிரபுல்ல சந்திரர் 1861 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2 ஆந் திகதி, வங்காளத்தின் யசோர் மாவட்டத்தில் ராருளி என்னுங் கிராமத்திற் பிறந்தார். அவ்வூர் பின்னர் குல்னா மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று பங்களாதேச நாட்டில் உள்ளது. மகாகவி இரவீந்திரநாத தாகூர் பிறந்ததும் அதே ஆண்டிலேயாகும். தந்தையார் ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார். நூல்களைச் சேர்த்துப் படிப்பதில் விருப்பமுடையவர். அன்னையார் புவனமோகினி தேவியார்.

பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கிடைக்க வேண்டுமென்று 1870 இல் அக்குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவர் ஹெயர் பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். ஆனால் 1874 இல் கொடிய வயிற்றுளைவு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. படிப்பை நிறுத்திக் கிராமத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மற்றொரு சிறுவனாயின் அத்தோடு கல்வி அற்றுப் போயிருக்கும். இவரோ தந்தையாரின் நூலகத்தைத் தமக்குப் பாடசாலையாக்கிக்கொண்டார். சரித்திரமும் பெரியோர் வாழ்க்கை வரலாறுகளும் ஆங்கில இலக்கியமும் அவருக்குத் தோழராயின. நோய் தணிந்தது, ஆனால் முற்றாக நீங்கவில்லை. செரிமானக் குறைவும் உறக்கமின்மையும் அவரை இறுதிவரை விடவில்லை. உணவில் அளவும், நாள்தோறும் நடையும், காலந்தவறா ஒழுக்கமும் அவர் கைக்கொண்டது இதனாலேயே. மெலிந்த உடலைக் காரணங்காட்டிச் சோம்பியிருப்போர்க்கு அவர் வாழ்வு நல்லதொரு பாடம்.

தகரக் கருவி வெடித்த கதை

1876 இல் மீண்டும் கல்கத்தாவுக்கு வந்து ஆல்பர்ட் பாடசாலையிற் பயின்றார். பின்னர் பண்டிதர் ஈஸ்வர சந்திர வித்தியாசாகரர் நிறுவிய மெத்திரோபொலித்தன் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்க வசதி இருக்கவில்லை. ஆகவே மாணவர் மாகாணக் கல்லூரியாகிய பிரெசிடென்சிக் கல்லூரிக்குச் சென்று இரசாயன விரிவுரைகளைக் கேட்க அனுமதிக்கப்பட்டனர். அங்கே அலெக்சாந்தர் பெட்லர் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் விரிவுரை மேசையிலேயே பரிசோதனைகளை மிகத் திறம்படச் செய்து காட்டுவார். இலக்கியத்தில் மனம் பறிகொடுத்திருந்த பிரபுல்லர், அப்பரிசோதனைகளைக் கண்டு இரசாயனத்தின்பால் ஈர்க்கப்பட்டார்.

கண்டதோடு அவர் அமைதியடையவில்லை. தாமே செய்து பார்க்க வேண்டுமென்ற ஆவல் மிகுந்தது. நண்பர் ஒருவருடன் சேர்ந்து தங்கும் அறையிலேயே சிறியதோர் ஆய்வுகூடம் அமைத்தார். ஒருமுறை ஐதரசனையும் ஒட்சிசனையும் கலந்தெரிக்கும் ஊதுகுழலொன்றைத் தகர வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு செய்வித்தார். வேலை செவ்விதாக அமையவில்லை, வாயு கசிந்தது. பற்றவைத்ததும் கருவி பேரொலியோடு வெடித்தது. நல்வினைப் பயனாக ஒருவருக்கும் காயமில்லை. இதனை நாம் விளையாட்டாகக் கூறவில்லை. இன்று எம் ஆய்வுகூடத்திலே கண்காப்பு அணியாது எவரும் உள்ளே நுழைய முடியாது, அதுவே முறையுமாகும். இங்கு நாம் போற்றுவது அவருடைய துணிவை மாத்திரமன்று. பிறர் செய்யக் கண்டதைத் தம் கையாற் செய்தாலன்றி அறிந்ததாகக் கொள்ளாத அவருடைய மனப்பாங்கையே.

எடின்பரோவில் ஆறாண்டு

அக்காலத்தில் கில்கிறைஸ்ட் உதவிச் சம்பளத்துக்கென ஒரு தேர்வு நடைபெற்றது. அதில் தேறினால் பிரித்தானியாவுக்குச் சென்று உயர்கல்வி பெறலாம். அத்தேர்வுக்குப் பல மொழிகளில் அறிவு வேண்டும். பிரபுல்லர் இலத்தீனும் பிரெஞ்சும் தம் முயற்சியாலேயே கற்று, பிறரறியாமல் ஆயத்தஞ் செய்து, 1882 இல் அவ்வுதவிச் சம்பளத்தைப் பெற்றார். அவ்வாண்டு இந்தியாவிலிருந்து அதனைப் பெற்றோர் இருவரே. கடல் கடந்தால் சாதி கெடும் என்று பலரும் அஞ்சிய காலமது. அவர் கடல் கடந்தார். இலண்டனில் அவரை வரவேற்றவர், பின்னாளில் விஞ்ஞானப் பேரறிஞராய் விளங்கிய ஜகதீஷ் சந்திர போஸ் ஆவார். இருவர் நட்பும் வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் அலெக்சாந்தர் கிரம் பிரவுண். அங்கே மாணவர் ஆய்வுகூடத்திலேயே நெடுநேரம் நின்று வேலை செய்ய வேண்டும். பகுப்பு இரசாயனம் என்பது யாது? ஒரு பொருளில் என்னென்ன உள்ளன என்று காண்பது பண்பறி பகுப்பு. ஒவ்வொன்றும் எவ்வளவு உள்ளது என்று காண்பது அளவறி பகுப்பு. முன்னதிற்குக் கூரிய கண் வேண்டும். பின்னதிற்குப் பொறுமையான கை வேண்டும். நிறுக்க வேண்டும், கரைக்க வேண்டும், வீழ்படிவாக்க வேண்டும், வடிக்க வேண்டும், கழுவ வேண்டும், உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். ஒரு துளி சிந்தினாலும் முழு வேலையும் பாழ். மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். எவ்வளவு பெரிய அறிவாளிக்கும் இதிற் சலுகை இல்லை.

பிரபுல்லர் 1885 இல் விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றார். பின் செம்பு, மகனீசியம் முதலிய உலோகங்களின் இரட்டைச் சல்பேற்றுகளை ஆராய்ந்து 1887 இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஹோப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. பல்கலைக்கழக இரசாயனக் கழகத்தின் உப தலைவராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். இவற்றினிடையே, சிப்பாய்க் கலகத்துக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலைபற்றி ஒரு கட்டுரைப் போட்டிக்கு எழுதினார். அந்நிய ஆட்சியின் குறைகளை அஞ்சாது அதில் எடுத்துக் காட்டினார். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் அக்கட்டுரை அச்சாகிப் பலர் கவனத்தையும் கவர்ந்தது. உதவிச் சம்பளம் பெறும் மாணவன் உண்மை பேச அஞ்ச வேண்டுவதில்லை என்பதற்கு இது சான்று.

பணியும் புறக்கணிப்பும்

1888 இல் தாயகம் மீண்டார். விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தோடு வந்தவருக்கு ஏறத்தாழ ஓராண்டு காலம் வேலையில்லை. கல்வித் திணைக்களத்தின் உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. நண்பர் போஸின் இல்லத்தில் தங்கிக் காத்திருந்தார். 1889 இல் பிரெசிடென்சிக் கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியராக மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் நியமனம் பெற்றார். அவரையொத்த தகுதியுடைய ஐரோப்பியருக்குக் கிடைத்த சம்பளத்தோடும் பதவியோடும் ஒப்பிடுமிடத்து இது மிகக் குறைவு. தோல் நிறத்தாலும் பிறப்பாலும் தகுதி அளக்கப்படும் கொடுமை எத்தகையது என்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த எமக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை. அவர் மனங்கசந்து ஒதுங்கினாரல்லர். கிடைத்த மேசையை ஆய்வுகூடமாக்கினார்; கிடைத்த மாணவரை ஆய்வாளராக்கினார்.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி யாது? ஏழை எளியவர் அன்றாடம் உண்ணும் நெய்யிலும் கடுகெண்ணெயிலும் கலப்படம் உண்டா என்பதே. இதற்குத் தூய பொருளின் தன்மை முதலில் தெரிய வேண்டும். கடையில் வாங்கியதை நம்ப முடியாது. ஆகவே தம் கண்முன்னே பசுவைக் கறப்பித்து, அப்பாலிலிருந்தே வெண்ணெய் எடுத்தார்; கடுகைத் தம் முன்னிலையிலேயே செக்கிலிட்டு ஆட்டுவித்தார். இத்தகைய ஆய்வுகளிற் கையாளப்படும் முறை ஒன்றை இங்கே கூறலாம். நெய்யிலே நீராவியோடு சேர்ந்து ஆவியாகக்கூடிய கொழுப்பமிலங்கள் மிகுதியாக உள. விலங்குக் கொழுப்பிலும் பிற எண்ணெய்களிலும் அவை மிகக் குறைவு. அவ்வமிலங்களை வடித்தெடுத்து, எவ்வளவு காரத்தால் அவை நடுநிலையாகின்றன என்று நியமித்துப் பார்த்தால் நெய்யின் தூய்மை வெளிப்படும். எம் கை நடுங்கிய அதே அளவியே இங்கும் நீதிபதி. பல ஆண்டு உழைப்பின் பயனான இவ்வாராய்ச்சிக் கட்டுரை 1894 இல் வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது.

எலும்பும் சாம்பலும்

படித்த வங்காள இளைஞர் அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்கே அலைந்து திரிவதைக் கண்டு அவர் மனம் வருந்தினார். நாட்டிலே மருந்தும் இரசாயனப் பொருளும் செய்யப்பட வேண்டும். அதனால் இளைஞர் பிழைக்க வேண்டும் என்று எண்ணினார். 1892 அளவிலே, சுமார் 700 ரூபாயை முதலாகக் கொண்டு, மேல் சர்க்குலர் வீதியில் 91 ஆம் இலக்க வாடகை வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார். சம்பளத்தின் ஒரு பகுதி குடும்பக் கடனுக்குப் போயிற்று, எஞ்சியது இம்முயற்சிக்கு. பகலிற் கல்லூரி, மாலையிலிருந்து இரவு வெகுநேரம் வரை மருந்து தயாரிக்கும் வேலை.

சோடியம் பொசுபேற்றுச் செய்ய அவருக்கு எலும்புச் சாம்பல் வேண்டியதாயிற்று. கசாப்புக் கடைகளிலிருந்து மாட்டெலும்பைச் சாக்குச் சாக்காக வாங்கி வீட்டு மொட்டைமாடியிற் பரப்பினார். எதிர்பாராத மழை பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகி நாற்றம் வீசியது. காகங்கள் கூடின, எலும்புத் துண்டுகள் அயல் வீடுகளில் விழுந்தன. சுற்றிலும் வாழ்ந்தோர் ஆசாரமுள்ள இந்துக்கள். அவர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. எலும்புகளை ஊருக்கு வெளியே மாணிக்கதலை என்னுமிடத்துக்குக் கொண்டுபோய் இரவில் எரித்தார்கள். தீயைக் கண்ட காவலர், கொலையுண்ட பிணத்தை எரிக்கிறார்களோ என்று ஐயுற்று ஓடிவந்தனர். இவ்வளவு தொல்லைக்கும் பின்னர் வெண்ணிறச் சாம்பல் கிடைத்தது. அதிலிருந்து தூய பொசுபேற்று உண்டாயிற்று.

எரிந்து சாம்பலான பின் அது எலும்புமன்று, மாடுமன்று. கல்சியம் பொசுபேற்று என்னும் ஓர் உப்பே. வகுப்பில் இதனை விளக்கும்போது அவர் அச்சாம்பலிற் சிறிது எடுத்து எல்லோருங் காணத் தம் வாயில் இட்டுக்கொள்வார் என்று சொல்லப்படுகின்றது. மதத்தை இகழும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. பொருளின் உண்மையை அதன் பழைய பெயரால் அன்றி, அதன் இன்றைய இயல்பால் அறிய வேண்டும் என்பதே அவர் கற்பித்த பாடம். மனிதருக்கும் இப்பாடம் பொருந்துமன்றோ?

தொழிலில் அவருக்குத் துணைநின்ற வைத்தியர் அமூல்ய சரண் போஸ் 1898 இல் கொள்ளைநோய்க்கு இரையானார். சதீஷ் சந்திர சிங்கர் என்னும் இளம் இரசாயனர் ஆய்வுகூடத்திலே நச்சமில விபத்தில் உயிர் துறந்தார். இவ்விரு துயரங்களையும் தாங்கி நின்று தொழிலை வளர்த்தார். மேனாட்டு மருந்துகளோடு ஓமத் திரவம், ஆடாதோடைப் பாகு முதலான நம் நாட்டு மருந்துகளும் முறைப்படி தயாரிக்கப்பட்டன. 1901 இல் அது பெங்கால் கெமிக்கல் அன்ட் பார்மசூற்றிக்கல் வேர்க்ஸ் என்னும் வரையறுத்த கம்பனியாயிற்று. இந்திய அரசு 1980 இல் அதனை நாட்டுடைமையாக்கியது.

மஞ்சட் பளிங்கு

அவர் பெயரை உலக விஞ்ஞானிகள் அறியச் செய்த கண்டுபிடிப்பு ஒரு தற்செயலால் விளைந்தது. மிகையான இரசத்தின் மேல் நீர்த்த நைத்திரிக்கமிலத்தைக் குளிர்ந்த நிலையில் ஊற்றி வைத்திருந்தார். அவர் நாடியது மேர்க்கூரசு நைத்திரேற்று. கிடைத்ததோ மஞ்சள் நிறப் பளிங்குகள். இதனை அழுக்கென்று கழுவி ஊற்றிவிடுதல் எளிது; பலர் அவ்வாறே செய்திருப்பர். அவர் அதனைப் பகுத்தாய்ந்தார். இரசம் எவ்வளவு, நைதரசன் எவ்வளவு என்று அளந்தார். அது மேர்க்கூரசு நைத்திரைற்று என்னும் புதிய சேர்மம் என்று கண்டார். நிலையற்றவை எனக் கருதப்பட்ட இரு கூறுகள் சேர்ந்து நிலையான பளிங்காய் அமைந்தமை அக்காலத்தாருக்குப் புதுமையாயிருந்தது. 1896 இல் இதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. அதன்பின் நைத்திரைற்றுகளைப்பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எளிதிற் சிதையும் அமோனியம் நைத்திரைற்றை வெற்றிடத்தில் சிதையாமல் ஆவியாக்கி, அதன் ஆவியடர்த்தியை அளந்து காட்டி 1912 இல் இலண்டன் அறிஞரின் பாராட்டைப் பெற்றார்.

இரசத்தின் ஆவி நஞ்சு என்பதால் இன்றைய மாணவர் அதனை அவர் போலக் கையாள்வதில்லை. ஆனால் எதிர்பாராது வந்ததை எறியாது ஆராயும் குணம் எக்காலத்துக்கும் உரியது. 2011 இல் அவருடைய 150 ஆம் ஆண்டு நிறைவையொட்டி, பிரித்தானிய அரச இரசாயனக் கழகம் தன் இரசாயன நினைவுப் பட்டயத்தை அவருக்கு அளித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அப்பட்டயம் வழங்கப்பட்டது அதுவே முதன்முறை.

இந்து இரசாயன வரலாறு

எம் போன்ற சங்கத்தார் சிறப்பாக அறிய வேண்டிய பகுதி இதுவேயாகும். பிரான்ஸ் நாட்டு இரசாயனப் பேரறிஞர் மார்சலின் பெர்த்தலோ அவர்களோடு கொண்ட கடிதத் தொடர்பு ஆசாரியரை ஒரு பெரும் பணியில் ஈடுபடுத்தியது. நம் முன்னோர் இரசாயனத்தில் எவ்வளவு அறிந்திருந்தனர் என்று காண அவர் முற்பட்டார். இந்தியாவின் பல நூலகங்களிலிருந்து ஏட்டுச் சுவடிகளைத் திரட்டினார். பண்டிதர்களின் உதவியோடு இரசார்ணவம், இரசரத்தின சமுச்சயம் முதலான வடமொழி நூல்களைக் கற்றார். இந்து இரசாயன வரலாறு என்னும் ஆங்கில நூலின் முதற்பாகம் 1902 இலும் இரண்டாம் பாகம் 1909 இலும் வெளிவந்தன. உலோகங்களைத் தூய்மை செய்தல், இரசத்தை வாலையிலிட்டு வடித்தல், காரங்களைத் தயாரித்தல் முதலானவற்றை நம் முன்னோர் செய்து வந்தமையை உலகம் அறிந்தது. பெர்த்தலோவே அதனைப் புகழ்ந்து மதிப்புரை எழுதினார்.

பழம்பெருமையோடு நிறுத்தியிருந்தால் நம்மவர் எல்லோரும் அவரை மாலையிட்டு மகிழ்ந்திருப்பர். அவர் நிறுத்தவில்லை. இவ்வளவு அறிந்திருந்த நாடு பின்னர் ஏன் பின்தங்கியது என்ற கேள்வியையும் எழுப்பினார். அவர் கண்ட விடை கசப்பானது. கைத்தொழில்கள் தாழ்ந்த சாதியாருக்குரியவை என்று ஒதுக்கப்பட்டன. கற்றவர் உலையையும் உளியையும் தொடாராயினர். உலையையும் உளியையும் தொட்டவர் கல்வியைத் தொட விடப்படாராயினர். பிணத்தை அறுத்துப் பார்த்தே வைத்தியன் கற்க வேண்டுமெனச் சுசுருதர் வகுத்திருந்தும், பிற்காலத்தார் தீட்டென்று அதனைக் கைவிட்டனர். சிந்திக்கும் மூளையும் செய்யும் கையும் பிரிந்தன; விஞ்ஞானம் மறைந்தது. இக்கருத்தை இன்றைய வரலாற்றாசிரியர் பலவாறு விவாதிப்பர். வேறு காரணங்களும் காட்டுவர். எனினும் தம் மரபை நேசித்த ஒருவர் அம்மரபின் புண்ணையும் மறைக்காது காட்டினார் என்பதே நாம் கொள்ள வேண்டியது. எம் மனத்தில் எழுந்த வினாவுக்கு விடையும் இங்கேயே கிடைத்தது.

ஓரறைத் துறவி

1916 இல் பிரெசிடென்சிக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் முதலாவது பாலித் இரசாயனப் பேராசிரியரானார். தமிழராகிய சேர் சி. வி. இராமன் அவர்கள் 1917 இல் அதே கல்லூரியில் பாலித் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். ஆசாரியர் திருமணஞ் செய்யவில்லை. கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் வாழ்ந்தார். எளிய கட்டில், சில நூல்கள், கதராடை. இவையே அவர் உடைமை. ஏழை மாணவர் சிலர் அவரோடு தங்கிப் படித்தனர். கோகலே அவர்களின் மூலம் 1901 அளவில் கல்கத்தாவில் அவரைச் சந்தித்த காந்தியடிகள், மாதம் 800 ரூபாய் பெறும் அவர் தமக்கென 40 ரூபாய் மாத்திரம் வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பொதுப்பணிக்கு ஈவதாகத் தாம் அறிந்ததைத் தம் சுயசரிதையிற் பதிந்துள்ளார். அறுபது வயது நிறைந்த 1921 முதல் தம் பல்கலைக்கழகச் சம்பளத்தையும் இரசாயனத் துறையின் வளர்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார்.

அவரிடம் பயின்ற நீல்ரத்தன் தார், ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத முகர்ஜி முதலானோர் புகழ்பெற்ற இரசாயன அறிஞராயினர். மேக்நாத் சாகா, சத்தியேந்திரநாத் போஸ் ஆகிய பௌதிகப் பேரறிஞரும் அவரிடம் பாடங் கேட்டவரே. 1924 இல் இந்திய இரசாயனக் கழகம் தோன்றியபோது அதன் முதற்றலைவர் அவரே.

ஆய்வுகூடம் காத்திருக்கலாம், பசித்தவர் காத்திருக்கலாகாது என்பது அவர் கொள்கை. 1921 இல் குல்னாவிற் பஞ்சம் வந்தபோதும், 1922 இல் வட வங்காளத்தை வெள்ளம் அழித்தபோதும் நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானக் கல்லூரியின் கூடங்கள் துணியும் அரிசியும் நிறைந்த பண்டகசாலைகளாயின. 1919 இல் அரசாங்கம் அவருக்குச் சேர் பட்டம் அளித்தது. மக்களோ ஆசாரியர் என்று அழைத்தனர். மக்கள் அளித்த பெயரே நிலைத்தது. 1936 இல் 75 ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 1944 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16 ஆந் திகதி, தாம் வாழ்ந்த அதே கல்லூரி அறையில் இறைவனடி எய்தினார்.

நாம் கொள்ள வேண்டியது

அன்பார்ந்த இளைஞர்களே! இவ்வரலாற்றைப் படித்து வியந்து மலரை மூடிவிடுதல் போதுமா? நம்மூரை எண்ணிப் பாருங்கள். நம் பெற்றோர் பறிக்கும் கொழுந்து ஸ்டோரிலே வாட்டப்பட்டு, அரைக்கப்பட்டு, புளிக்கவைக்கப்பட்டு, சூடேற்றப்படுகின்றது. புளித்தல் என்று நாம் சொல்லுவது உண்மையில் இலையிலுள்ள பொலிபீனோல்கள் காற்றின் ஒட்சிசனோடு தாக்கமுறுவதேயாகும். எந்நொடியில் அதனை நிறுத்த வேண்டுமென்று டீமேக்கர் தம் மூக்காலும் கண்ணாலும் அறிவார். அவர் செய்வதும் ஒரு பகுப்பாய்வே. தலவாக்கொல்லையிலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1925 இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஆனால் நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலையோடு வாழும் நம் லயத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அத்தேயிலையைச் சோதனைக் குழாயிலிட்டுப் பார்த்திருக்கின்றனர்?

எம் குறையை முன்னரே கூறினோம். நான்காம் வாரத்திலே எம் கை நடுக்கம் நின்றது. இளஞ்சிவப்பு நிறம் தோன்றியதும் அடைப்பை மூடக் கற்றோம். மூன்று அளவீடுகளும் ஒத்து வந்த அன்று நாம் அடைந்த மகிழ்ச்சி, பரீட்சையிற் சித்தியடைந்த அன்று கூட இருக்கவில்லை. அதற்கு அறிவு புதிதாக வேண்டியிருக்கவில்லை, பழக்கமே வேண்டியிருந்தது. அப்பழக்கம் ஐந்தாறு ஆண்டுக்கு முன்னரே கிடைத்திருக்கலாம், கிடைக்கவில்லை. எம்மோடு படித்து, கிடைக்காமையாலேயே விஞ்ஞானத்தை வெறுத்து விட்டுப் போனவர் பலர்.

ஆகவே எம் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். விடுமுறைக் காலத்தில் வாரத்துக்கு ஒருநாள் சங்க மண்டபத்தின் ஒரு மூலையை எமக்குத் தாருங்கள். பெருஞ்செலவு வேண்டாம். சில சோதனைக் குழாய்கள், ஒரு சிறு தராசு, ஓர் அளவி போதும். மஞ்சள் தோய்த்த கடதாசி சுண்ணாம்பு நீரிற் சிவப்பதையும், மாக்கலந்த பாலில் ஒரு துளி அயடீன் விழ நீலம் படர்வதையும், பெரியவர் மேற்பார்வையிலே பிள்ளைகள் தம் கையாற் செய்து பார்க்கட்டும். பல்கலைக்கழகத்திற் கற்கும் நாம் முறைவைத்து வந்து கற்பிக்க ஆயத்தமாயிருக்கின்றோம். 700 ரூபாயோடும் ஒரு வாடகை வீட்டோடும் ஆசாரியர் தொடங்கினார். நாம் ஒரு மூலையோடு தொடங்கலாகாதா?

கொழுந்து கிள்ளும் கையும் அளவியைப் பிடிக்கும் கையும் ஒன்றே. இரண்டும் நுண்மை அறிந்தவை, இரண்டும் மதிப்புக்குரியவை. இவ்வுண்மையை நம் தம்பி தங்கையர் நெஞ்சிற் பதித்தோமாயின் ஆசாரியரின் நினைவுக்கு நாம் செய்யத்தக்க அஞ்சலி அதுவேயாகும். வாழ்க ஆசாரியர் புகழ்! வளர்க நம் மலைநாட்டு இளைஞர் கல்வி!